கிணறு, பம்பு, எஞ்சின்: மூன்றையும் பொருத்துவது எப்படி?

வேம்பார் முதல் பெரியதாழை வரையிலுள்ள தூத்துக்குடிக் கடற்கரையில் எஞ்சினையும் பம்பையும் நம்பாத தொழில் அரிது. முள்ளக்காடு, முத்தையாபுரம், தருவைகுளம், வேப்பலோடை, ஆறுமுகநேரி ஆகிய ஊர்களின் உப்பளங்களில் உவர்நீர் இறைப்பதற்குப் பம்பு வேண்டும். தாமிரபரணிக் கால்வாய்களின் நீர் எட்டாத சாத்தான்குளம், உடன்குடி வட்டாரங்களில் தென்னைக்கும் வாழைக்கும் முருங்கைக்கும் கிணற்று நீரே ஆதாரம். முற்காலத்தில் கமலையும் ஏற்றமும் செய்த பணியை இன்று மின்சார மோட்டாரும் டீசல் எஞ்சினும் செய்கின்றன.

கமலைக்கு மாடு பிடிக்கும்போது நம் முன்னோர் கிணற்றின் ஆழத்தையும் சாலின் அளவையும் பார்த்தே மாட்டைத் தேர்ந்தனர். ஆனால் எஞ்சின் வாங்கும்போது நம்மில் பலர் அவ்வாறு பார்ப்பதில்லை. “அடுத்த தோட்டத்தில் ஐந்து குதிரைச் சக்தி; நமக்கு ஏழரை இருக்கட்டும்” என்று எண்ணி வாங்கிவிடுகிறோம். இதனால் விளையும் நஷ்டம் இருவகைப்படும். ஒன்று பணநஷ்டம், அதை ஈடுசெய்துவிடலாம். மற்றது கிணறே உப்பாகிப்போவது. அதை ஈடுசெய்வது மிகக் கடினம். ஆகவே கிணறு, பம்பு, எஞ்சின் ஆகிய மூன்றையும் பொருத்தும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாக ஆராய்வோம்.

முதலில் கிணற்றை அளப்போம்

எஞ்சினிலிருந்து கணக்கைத் தொடங்குதல் தவறு. கிணறு எவ்வளவு நீர் தரும் என்பதே முதற்கேள்வி. அதற்கேற்ற பம்பு எது என்பது இரண்டாவது. அந்தப் பம்பைச் சுழற்றத் தேவையான சக்தி எவ்வளவு என்பது மூன்றாவது. இவ்வரிசையை மாற்றலாகாது.

கிணற்றின் ஊற்றை அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முடிச்சிட்ட ஒரு கயிறும் ஒரு கடிகாரமும் போதும். நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் கோடையின் கடைசியில், கிணற்றை 2 மீட்டர் ஆழத்துக்கு இறைத்து நிறுத்துங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 4 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் நீர் ஒரு மீட்டர் ஏறினால், ஊறியது ஏறக்குறைய 12,500 லிட்டர். அதாவது விநாடிக்கு மூன்றரை லிட்டர். கிணற்றில் ஏற்கெனவே சேர்ந்துள்ள நீரும் கைகொடுக்கும் ஆதலால், விநாடிக்கு 4 லிட்டர் இறைக்கும் பம்பு இக்கிணற்றுக்குப் பொருந்தும்.

சக்தியைக் கணக்கிடும் முறை

75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரைச் சக்தி. நன்னீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ எடையுள்ளது. ஆகவே விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை மொத்த உயரத்தால் பெருக்கி 75 ஆல் வகுத்தால், நீரைத் தூக்குவதற்கு மட்டும் வேண்டிய குதிரைச் சக்தி கிடைக்கும்.

மொத்த உயரம் என்பதில் மூன்று பகுதிகள் உண்டு. இறைக்கும்போது தாழ்ந்து நிற்கும் நீர்மட்டத்திலிருந்து தரை வரை ஒன்று. தரையிலிருந்து நீர் விழும் வாய் வரை மற்றொன்று. குழாயிலும் வளைவுகளிலும் அடிவால்விலும் ஏற்படும் உராய்வுக்கு ஈடான உயரம் மூன்றாவது. முதற்பகுதி 7 மீட்டர், அடுத்தது 1 மீட்டர், உராய்வு 2 மீட்டர் எனக் கொண்டால் மொத்தம் 10 மீட்டர்.

4 லிட்டரை 10 ஆல் பெருக்க 40. அதை 75 ஆல் வகுக்க 0.53 குதிரைச் சக்தி. ஆனால் பம்பு தான் பெறும் சக்தி முழுவதையும் நீருக்குக் கொடுப்பதில்லை. இவ்வளவு சிறிய பம்பு நூற்றுக்கு 55 பங்கு கொடுத்தால் நன்று. ஆகவே அச்சில் வேண்டியது ஏறக்குறைய ஒரு குதிரைச் சக்தி. இதற்கு மேல் கால் பங்கு கையிருப்பாகச் சேர்த்தால் 1.2 ஆகிறது. கடையில் கிடைப்பதில் ஒன்றரைக் குதிரைச் சக்தி மோட்டார் இக்கிணற்றுக்கு முற்றிலும் போதுமானது.

இதே கிணற்றில் 5 குதிரைச் சக்திப் பம்பை அதற்கேற்ற குழாயுடன் வைத்தால் என்ன நேரும்? அது மணிக்கு 60,000 லிட்டர் வரை இறைக்கும். ஊறுவதோ 12,500 லிட்டர். 2 மீட்டர் ஆழத்தில் இருக்கும் 25,000 லிட்டரும் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும். அதன் பின் அடிவால்வு காற்றை இழுக்கும். பம்பு நீரின்றிச் சுழன்று சூடேறும். அச்சில் நீரைத் தடுக்கும் அடைப்பு கருகும். பெரிய பம்பு வாங்கியவர் நீரை அதிகமாகப் பெறுவதில்லை. ஊறும்வரை காத்திருப்பதையே அதிகமாகப் பெறுகிறார்.

உப்பளத்தின் கணக்கு

உப்பளத்தில் கேள்வி சற்று மாறுகிறது. அங்கே பாத்திகளில் ஒரு நாளில் ஆவியாகும் நீரே தேவையின் அளவு. ஒரு மில்லிமீட்டர் நீர் ஓர் ஏக்கர் பரப்பில் ஆவியானால் 4,047 லிட்டர் குறையும். நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாவதாக வைத்துக்கொண்டால், பத்து ஏக்கர் அளத்துக்கு ஏறக்குறைய 2,43,000 லிட்டர் வேண்டும். இதை எட்டு மணி நேரத்தில் இறைக்க விநாடிக்கு 8.4 லிட்டர் ஆகிறது. அவரவர் அளத்தில் உள்ள ஆவியளவைப் பாத்தியில் ஓர் அளவுகோலை நட்டு அறிந்துகொள்ளலாம்.

உவர்நீர் நன்னீரைவிடக் கனமானது என்பதை இங்கே மறக்கலாகாது. அளங்களில் நீரின் செறிவை டிகிரிக் கணக்கில் அளக்கிறோம். கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி, 25 டிகிரியில் உப்புப் படியத் தொடங்கும், 29, 30 டிகிரிக்கு மேல் எஞ்சுவது கசப்பு நீர். எடைக் கணக்கில், 5 டிகிரி நீர் லிட்டருக்கு 1.04 கிலோவும், 10 டிகிரி நீர் 1.07 கிலோவும், 20 டிகிரி நீர் 1.16 கிலோவும் இருக்கும்.

5 டிகிரிக் கிணற்று நீரை உராய்வு உட்பட 8 மீட்டர் தூக்குவதாகக் கொள்வோம். 8.4 ஐ 1.04 ஆலும் 8 ஆலும் பெருக்கி 75 ஆல் வகுக்க 0.93 வரும். பம்பின் திறன் நூற்றுக்கு 60 எனில் 1.55, பெல்ட்டில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் ஆதலால் எஞ்சின் தரவேண்டியது 1.72 குதிரைச் சக்தி. டீசல் எஞ்சினை நாள் முழுவதும் முழுச் சுமையில் ஓட்டுவது நல்லதன்று; முக்கால் சுமையே அதற்கு ஆரோக்கியம். அப்படிக் கணக்கிட்டால் 2.3 ஆகிறது. 3 குதிரைச் சக்தி எஞ்சின் தாராளமாகப் போதும்.

இதே பம்பைக் கொண்டு 20 டிகிரி நீரை ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்கு ஏற்றினால், தூக்கும் உயரம் மாறாவிடினும், எடைக்கு ஏற்பச் சக்தி நன்னீருக்கு வேண்டுவதைக் காட்டிலும் நூற்றுக்கு 16 பங்கு கூடும். தோட்டத்தில் நன்றாக ஓடிய பம்புசெட்டு அளத்துக்கு வந்ததும் முக்குவதன் காரணம் இதுவே. மேலும், வார்ப்பிரும்புச் சுழலியை உவர்நீர் விரைவில் அரித்துவிடும். வெண்கலத்தாலோ துருப்பிடிக்காத எஃகாலோ ஆன சுழலியே அளத்துக்கு ஏற்றது. வேலை முடிந்ததும் ஒரு குடம் நன்னீர் ஊற்றிப் பம்பைக் கழுவும் வழக்கம் அதன் ஆயுளை நீட்டும்.

குழாயும் சக்தியைத் தின்னும்

எஞ்சினை மாற்றிக் குழாயை மாற்றாமல் விடுவது பரவலாகக் காணும் பிழை. ஒரே குழாயில் நீரின் அளவை இரட்டித்தால் உராய்வு நான்கு மடங்காகும். மேற்கண்ட அளத்தில் நீரைத் தூக்கும் உயரம் 6 மீட்டர், உராய்வு 2 மீட்டர் எனில், நீரை இரட்டிக்கும்போது உராய்வு 8 மீட்டராகி மொத்தம் 14 மீட்டராகும். அதாவது ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் முக்கால் பங்கு டீசல் அதிகமாகச் செலவாகும். இதற்கு மாறாக, 3 அங்குலக் குழாயை 4 அங்குலமாக்கினால் அதே நீருக்கு உராய்வு கால் பங்குக்கும் குறைந்துவிடும். குழாய்க்குக் கொடுக்கும் விலை ஒருமுறைச் செலவு. உராய்வுக்குக் கொடுப்பது அன்றாடச் செலவு.

வேகமும் கப்பியும்

எஞ்சினின் சுற்று வேகத்தை அதன் கப்பியின் விட்டத்தால் பெருக்கினால் வரும் எண், பம்பின் வேகத்தை அதன் கப்பி விட்டத்தால் பெருக்கி வரும் எண்ணுக்குச் சமமாக இருக்கவேண்டும். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் பழைய ரக எஞ்சின் ஒன்று, 1,450 சுற்று வேண்டும் பம்பைச் சுழற்றுவதாகக் கொள்வோம். பம்புக் கப்பி 150 மில்லிமீட்டர் எனில், எஞ்சின் கப்பி சுமார் 335 மில்லிமீட்டர் இருக்கவேண்டும்.

இந்தப் பழைய எஞ்சினை நீக்கி, 1,500 சுற்று ஓடும் புதிய எஞ்சினை வைத்துக் கப்பியை மட்டும் மாற்றாமல் விட்டால் பம்பு 3,350 சுற்று ஓட முயலும். வேகம் கூடினால் நீர் அதே விகிதத்தில் கூடும்; உயரம் வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும்; சக்தியோ மும்மடிப் பெருக்கமாகக் கூடும். வேகம் 2.3 மடங்கானால் கேட்கும் சக்தி 12 மடங்கு! எஞ்சின் கரும்புகை கக்கி நிற்கும். இல்லையேல் பெல்ட் வழுக்கும். அப்போது எஞ்சினைக் குறை கூறுவதில் பயனில்லை. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் நீர் பத்தில் ஒரு பங்கே குறையும். சக்தி நூற்றுக்கு 27 பங்கு குறையும். ஆனால் உயரமும் நூற்றுக்கு 19 பங்கு குறையும் ஆதலால், நீர் மேலேறும் அளவுக்கு உயரம் மிச்சமுள்ளதா என்று பார்த்தே வேகத்தைக் குறைக்கவேண்டும்.

சுழல் பம்பின் மற்றோர் இயல்பு பலரை ஏமாற்றுகிறது. மழைக்குப் பின் கிணறு நிரம்பியிருக்கையில் மோட்டாருக்கு வேலை குறையும் என்று எண்ணுகிறோம். உண்மையில் உயரம் குறையும்போது பம்பு அதிக நீரைத் தள்ளுகிறது. அதனால் மோட்டாரின் சுமை பெரும்பாலும் கூடுகிறது. கார்த்திகை, மார்கழியில் மோட்டார் சூடேறினால், நீர் தள்ளும் குழாயின் வால்வைச் சிறிது மூடி ஓட்டவேண்டும். தொடங்கும்போதும் அவ்வால்வை மூடியே தொடங்கிப் பிறகு மெல்லத் திறப்பது நன்று.

உறிஞ்சும் உயரத்துக்கு ஓர் எல்லை

பம்பு நீரை மேலே இழுப்பதாகத் தோன்றினும், உண்மையில் வெளிக்காற்றின் அமுக்கமே நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. முத்துக் குளிப்பு நடந்த நம் கரைக்கு இது புதிதன்று. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்புகள் நடந்தன. பத்து மீட்டர் ஆழத்துக்கு மூழ்கியவரின் உடலை, மேலுள்ள காற்றின் அமுக்கத்துக்குச் சமமான இன்னொரு அமுக்கம் நெருக்கும். அதாவது காற்றின் அமுக்கம் பத்து மீட்டர் நீருக்கே ஈடாகும். ஆகவே எத்தனை பெரிய எஞ்சினை வைத்தாலும் அதற்கு மேல் நீரை உறிஞ்ச முடியாது. உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் 6 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நலம். கனமான உவர்நீருக்கு இன்னும் குறைவு. நீர்மட்டம் தாழ்ந்தால் பம்பையே கிணற்றுக்குள் தாழ்த்தவேண்டும், அல்லது நீர்மூழ்கிப் பம்பு வைக்கவேண்டும். எஞ்சினைப் பெரிதாக்குவது மருந்தாகாது.

மரம் பிளக்கும் எந்திரத்தின் பாடம்

விளாத்திகுளம், எட்டயபுரம் பகுதிகளில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி சுடுவோர் பலர். அதன் கடினமான தூரைப் பிளப்பதற்கு எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் எந்திரம் உதவும். ஆனால் அதிலுள்ள எண்ணெய்ப் பம்பு சுழல் பம்பினின்று வேறானது. அதன் வழியை அடைத்தால் சுமை குறையாது. அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். ஆகையால் குறித்த அளவில் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு இன்றி அதை இயக்கலாகாது.

இங்கே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதைச் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அமுக்கம் என்பதால் பெருக்கி 450 ஆல் வகுத்தால் குதிரைச் சக்தி வரும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் 170 கிலோ அமுக்கம் செலுத்தினால் 13 டன் விசை பிறக்கும். அந்த அமுக்கத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் எண்ணெயும் தள்ளவேண்டுமெனில் 15 குதிரைச் சக்தி வேண்டும். ஆனால் விசை வேண்டுவது ஆப்பு மரத்தைத் தொட்ட பின்னர்தான். ஆகவே இரட்டைநிலைப் பம்பு ஒன்றைப் பொருத்துகிறார்கள். ஆப்பு வெறுமனே நகரும்போது 40 லிட்டரைக் குறைந்த அமுக்கத்தில் தள்ளும். 40 கிலோ அமுக்கத்தை எட்டியதும் 10 லிட்டராகக் குறைந்து, அமுக்கத்தை 170 கிலோ வரை ஏற்றும். இரு நிலையிலும் கணக்கு 4 குதிரைச் சக்திக்குள் அடங்கும். தேய்மானம் போக, 5 குதிரைச் சக்தி எஞ்சினே போதும். விரைவும் விசையும் ஒரே நேரத்தில் வேண்டுமென்று கேட்காவிட்டால் சிறிய எஞ்சினும் பெரிய வேலையைச் செய்யும் என்பதே இதன் பாடம்.

கடலோரக் கிணற்றின் ஆபத்து

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இறைக்கிற கிணறே ஊறும் என்பது பழமொழி. உள்நாட்டுக் கிணற்றுக்கு அது பொருந்தலாம். கடலோரத்தில் ஊறி வருவது எந்த நீர் என்று பார்த்தாக வேண்டும்.

கரையோர மணலின் அடியில் நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீரின் எடை நன்னீரைக் காட்டிலும் நாற்பதில் ஒரு பங்கு அதிகம். ஆகவே 40 மீட்டர் உயரமுள்ள கடல்நீர்த் தம்பமும் 41 மீட்டர் உயரமுள்ள நன்னீர்த் தம்பமும் எடையில் சமம். இதன் பொருள் யாதெனில், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம் வரை கடல்நீரை அது அழுத்தி வைத்திருக்கும். ஹாலந்து நாட்டைச் சேர்ந்த பாடன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்பெர்க் 1901ஆம் ஆண்டிலும் இவ்வுண்மையை எடுத்துக்காட்டினர்.

இப்போது மறுபுறம் எண்ணிப் பாருங்கள். பெரிய பம்பினால் நீர்மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்தி, அந்நிலை நீடிக்குமாறு இறைத்துக்கொண்டே இருந்தால், அடியிலுள்ள உப்பு நீர் நாளடைவில் 40 மீட்டர் வரை மேலேற இடம் உண்டு. ஒருமுறை உப்பேறிய மணலை மழைநீர் கழுவித் தூய்மையாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். திருச்செந்தூர், உடன்குடிக் கரையோரங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாவது பற்றிய கவலை நாம் அறிந்ததே. தோட்டப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கிணற்று நன்னீர் இலவசமன்று. அதன் விலையை நம் பிள்ளைகள் கொடுக்க நேரிடும்.

ஆகவே கடலோரத்தில் சிறிய பம்பை நெடுநேரம் ஓட்டுவதே தக்க முறை. ஆழமான ஒரே கிணற்றில் பெரிய பம்பு வைப்பதைவிட, ஆழம் குறைந்த இரண்டு கிணறுகளில் சிறிய பம்புகள் வைத்து மேலுள்ள நன்னீரை மட்டும் மெல்ல எடுப்பது மேல். நீர் சிறிது கரிக்கத் தொடங்கினால் கிணற்றை ஆழப்படுத்துவது கூடாது. இறைக்கும் அளவைக் குறைக்கவேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறிய பம்பு பொருந்துவது மற்றொரு நன்மை.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

இப்பணியில் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவர்கள் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

1. ஊரிலுள்ள கிணறுகளின் நீர்மட்டம், நீரின் உப்பளவு, பம்பின் குதிரைச் சக்தி ஆகியவற்றை ஆண்டுக்கு இருமுறை, கோடை முடிவிலும் மழைக்குப் பின்னும், ஒரே பதிவேட்டில் எழுதிவருதல்.

2. நீரின் உப்பளவைப் பரிசோதனை நிலையத்தில் அறிந்துகொள்ளக் குடியானவர்களுக்கு உதவுதல். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே உள்ளது.

3. புதிய பம்பு வாங்குவோர், கடைக்குச் செல்லுமுன் வேளாண்மைப் பொறியியல் துறையினரிடம் கிணற்றின் ஊற்று, மொத்த உயரம் ஆகிய இரண்டு எண்களுடன் ஆலோசனை பெறுமாறு செய்தல். கடைக்காரரிடமும் குதிரைச் சக்தியைக் கேட்பதற்கு முன், “இந்த உயரத்துக்கு விநாடிக்கு எத்தனை லிட்டர்?” என்று கேட்கப் பழகுதல்.

4. குடிநீர்க் கிணறு இருக்கும் இடத்துக்கு அருகில் பெரிய பம்புகள் வாராமல் கிராம சபையில் கலந்து பேசி முடிவுசெய்தல்.

5. குளங்களைத் தூர்வாரி, மழைநீர் நிலத்துள் இறங்க வழி செய்தல். ஐப்பசி, கார்த்திகையில் இறங்கும் நன்னீரே கடல்நீரைத் தடுத்து நிற்கும் அணையாகும்.

மோட்டாரோ எஞ்சினோ வாங்கக் கடன் பெறும் குடும்பம், அக்கடனைத் தீர்ப்பது கிணற்று நீரைக் கொண்டுதான். கிணறு கெட்டபின் கடன் மட்டுமே மிஞ்சும். ஆதலால் கயிறும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு இக்கோடையிலேயே நம் கிணறுகளை அளக்கத் தொடங்குவோம். அளந்தவர் வாங்கும் எஞ்சின் சிறியதாக இருக்கலாம். அவர் கிணற்றில் நன்னீர் நிலைத்திருக்கும்.